ரவுட்டருக்கு ஏது வாஸ்து?

பூஜையறைக்கும் அடுப்புக்கும் வாஸ்து பார்ப்பவர்கள் ரவுட்டருக்கு மட்டும் பார்ப்பதில்லை. ஒயர் எந்தச் சுவரைத் துளைத்து வந்ததோ அங்கேயே, டிவிக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் செருகிவிடுகிறோம். பிறகு மாடியிலிருந்து "நெட் வரல" என்று கஸ்டமர் கேரைத் திட்டுகிறோம். அவர்களும் எதைச் சொன்னாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். கொடுமை என்னவென்றால், பாதி நேரம் அதுவே சரியாகியும் விடும்.

ரவுட்டர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் அந்த மந்திரம் பலிக்காது. பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் ஃபைபர் அறுந்திருக்கும். அல்லது வீடு பெருக்கும்போது யாரோ அதை இழுத்து மடித்திருப்பார்கள்.

விளக்கெல்லாம் பச்சை, ஆனாலும் நெட் இழுக்கிறதா? வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை டேட்டாவை வேகமாகக் கொண்டுவரும். சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். பக்கத்தில் மைக்ரோவேவில் சோறு சூடானால் திணறும். பரிகாரம் எளிது: பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

ஹால் அழகு கெட்டுவிடுமா? அப்படியானால் கூடுதல் பணம் கட்டி வேகமான பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதே சுவரில் இன்னும் வேகமாகப் போய் முட்டிக்கொள்ளும்.