கேமரா கேள்வி-பதில்: தேனி வெயில் ஸ்பெஷல்

கேனான், நிக்கான், சோனி: எது நல்லது?
(ஒரு வாசகர், தேனி)

உங்கள் தெருவில் யாரிடம் லென்ஸ் இரவல் கிடைக்குமோ, அவர் வைத்திருக்கும் கம்பெனிதான் நல்லது.

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. விசேஷ வீடுகளுக்குப் படம் எடுத்துத் தொழிலாக்க ஆசை. எந்த கேமரா வாங்கலாம்?
(ஒரு இளைஞர், சின்னமனூர்)

தம்பி, மொத்தப் பணத்தையும் பாடியில் கொட்டிவிடாதீர்கள். கடையில் புதுப் பாடியோடு 18-55 கிட் லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக் கட்டித் தருவார்கள். பகலில் தென்னந்தோப்பில் அது ஒரு குறையும் வைக்காது. ராத்திரி சடங்கு வீட்டில், ஒற்றை டியூப்லைட்டில், ஜூம் பண்ணியதும் அதன் அபர்ச்சர் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். அங்கேயே எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. ஐஎஸ்ஓ 6400இல் மணல் தூவினாற்போல வந்த முகம் 640இல் சுத்தமாக வரும். தாய்மாமன் சீர் தூக்கி வரும்போது அவர் முகம் தெரிய வேண்டுமா, தட்டு மட்டும் தெரிந்தால் போதுமா என்பது இந்த லென்ஸில்தான் இருக்கிறது.

ஆகவே பாடியை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். விற்பவரிடம் ஷட்டர் கவுண்ட் கேளுங்கள். ஆரம்பநிலை கேமராக்களின் ஷட்டர் பொதுவாக 1 லட்சம் கிளிக் வரை தாங்கும் என்று கணக்கு. 80,000 ஓடிய வண்டிக்குப் புது விலை சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். லென்ஸையும் சோதியுங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கொடிகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

50 மி.மீ.யா 35 மி.மீ.யா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். சின்ன சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். நம்ம ஊர் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை, பெண், இரண்டு சம்பந்தி எல்லோரையும் அதில் அடக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போனால் கடைசியில் கிணற்றுக்குள்தான் நிற்பீர்கள். 35 வாங்குங்கள்.

200 மெகாபிக்சல் போன் வந்த பிறகும் கேமரா எதற்கு?
(ஏலக்காய் வியாபாரி, போடிநாயக்கனூர்)

எனக்குப் பிடித்த சண்டைக்கு அழைத்திருக்கிறீர்கள், வருகிறேன்.

போனின் சென்சார் விரல் நகம் அளவு. அதில் 20 கோடி புள்ளிகளை ஏற்றுவது கம்பம் டவுன் பஸ்ஸில் ஊர்த் திருவிழாவை ஏற்றுவது மாதிரி. ஏறலாம், யாருக்கும் மூச்சு விட இடம் இருக்காது. ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் அவ்வளவு குறைவு. இது கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது போன் 16 புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12.5 மெகாபிக்சல் படமாகக் கையில் கொடுக்கிறது. பெட்டியில் 200, கையில் 12.5. ஏல மையத்தில் மூட்டை எடை இப்படி மாறினால் நீங்கள் விடுவீர்களா?

இன்னொன்று. 24 மெகாபிக்சல் படம் என்பது அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000 புள்ளி. இதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20 அங்குல அகலத்துக்குத் துல்லியமாக வரும். கூடத்தில் மாட்டும் எந்தக் கல்யாணப் படத்துக்கும் இது தாராளம். மெகாபிக்சலை இரண்டு மடங்காக்கினால் அகலம் இரண்டு மடங்காகாது, 1.4 மடங்குதான் ஆகும். விளம்பரத்தில் இந்தக் கணக்கை ஒருவரும் போட மாட்டார்கள்.

உங்கள் தொழிலுக்கு ஒரு யோசனை. ஏலக்காயின் பச்சையைப் படத்தில் ஏற்றிக் காட்டாதீர்கள். வாங்குபவர் சரக்கைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சுருளி அருவியில் தண்ணீரைப் பட்டுத் துணி போல எடுப்பது எப்படி?
(ஒரு கல்லூரி மாணவி, உத்தமபாளையம்)

டிரைபாட், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் அரை வினாடி. காலையிலோ மேகமூட்டத்திலோ போங்கள். வெயில் வந்துவிட்டால் என்.டி. ஃபில்டர் மாட்டாமல் அரை வினாடி கிடைக்காது. குளித்துவிட்டு வந்து படம் எடுங்கள். எடுத்துவிட்டுக் குளிக்கப் போனால் மனசு முழுக்க கரையில் வைத்த பையிலேயே இருக்கும்.

கூடலூரில் சூரிய அஸ்தமனம் எடுக்க மூன்று நாள் போனேன். நான் டிரைபாடை விரிப்பதற்குள் சூரியன் போய்விடுகிறது. என்ன செய்ய?
(ஒரு வங்கி ஊழியர், கம்பம்)

நீங்கள் காலண்டரைப் பார்த்துப் போயிருக்கிறீர்கள். காலண்டர் அஸ்தமனம் கடல்மட்டத் தொடுவானத்துக்குப் போட்ட கணக்கு. கூடலூருக்கு மேற்கே இருப்பது தொடுவானம் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலை.

ஒரு கணக்கு சொல்கிறேன். கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அது வானத்தில் சுமார் 10 பாகை மறைக்கும். நம்ம ஊர்ச் சூரியன் சாயங்காலம் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். 10 பாகை இறங்க அதற்குச் சுமார் 40 நிமிஷம். மலை உச்சிக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு முஷ்டி இருந்தால் உங்களுக்கு 40 நிமிஷம் இருக்கிறது. அரை முஷ்டி என்றால் ஓடுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் எல்லோரும் டிரைபாடை மடக்குகிறார்கள். மடக்க வேண்டாம், திரும்பி நில்லுங்கள். உங்களுக்குத்தான் சூரியன் மறைந்தது. எதிரே கிழக்கில் நிற்கும் மேகமலைச் சரிவுக்கு இன்னும் மறையவில்லை. வயலும் தோப்பும் நிழலில் நீலமாகக் கிடக்க, மலை மட்டும் மேலே சிவந்துகொண்டு வரும். பள்ளத்தாக்கு என்பதால் கிடைக்கும் வெளிச்சம் இது. சென்னைக்காரர் கடற்கரையில் எத்தனை நாள் தவம் இருந்தாலும் கிடைக்காது. காலையில் இது தலைகீழ்: மேகமலைக்குப் பின்னாலிருந்து எழும் முதல் வெயில் லோயர் கேம்ப் பக்கத்து மேற்கு மலைச் சுவரில் விழும். ராட்சதக் குழாய்கள் இறங்கும் அந்தச் சரிவை அப்போது பாருங்கள்.

மலைநிழல் விழுந்த பிறகும் வானம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது? அந்த நேரத்தில் முகங்களை எடுங்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழாது, யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். வெளிச்சத்துக்கென்று ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்டுடியோக்காரர் செய்வதை, மலை உங்களுக்கு இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

மேகமலையில் பனிமூட்டத்தை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வருகிறது. கேமரா கோளாறா?
(தேயிலைத் தோட்ட ஊழியர், ஹைவேவிஸ்)

கோளாறு இல்லை, அதன் நம்பிக்கை. உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கேமரா நம்புகிறது. வெள்ளையைக் காட்டினால் இருட்டடித்துச் சாம்பலாக்கும், கருப்பைக் காட்டினால் வெளிச்சம் கூட்டிச் சாம்பலாக்கும். மூட்டத்துக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கீழே சின்னமனூருக்கு இறங்கும்போது கேமராவை பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். குளிர்ந்த லென்ஸ் கீழ்க்காற்றில் வியர்த்துவிடும்.

எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விற்பனைக்குப் படம் எடுத்தால் பழமும் நன்றாக இல்லை, பக்கத்தில் நிற்கும் நானும் பச்சையாக இருக்கிறேன்.
(ஒரு விவசாயி, சுருளிப்பட்டி)

2023இல் குறியீடு வாங்கிய பழத்துக்கு நல்ல படம் இல்லையா? விடக்கூடாது.

பந்தலுக்கடியில் வெளிச்சம் இலை வழியே வடிகட்டித்தான் இறங்குகிறது. அது பச்சை வெளிச்சம், அதில் நிற்கும் நீங்களும் பச்சை. ஒரு வெள்ளைத் தாளைக் குலைக்குப் பக்கத்தில் பிடித்து, அதைக் காட்டி வொயிட் பேலன்ஸை அமைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, வரப்பை ஒட்டிய கடைசிப் பந்தலுக்கு வந்துவிடுவது. அங்கே பக்கவாட்டில் வானத்து வெளிச்சம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.

இனி பழம். நல்ல பழத்தின் மேல் வெண்சாம்பலாக ஒரு பூச்சு இருக்கும், பழம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று அதைத் துண்டால் துடைத்துவிடுகிறார்கள். பிறகு பழம் பிளாஸ்டிக் மணியாட்டம் பளபளக்கும், கைபட்ட இடமெல்லாம் திட்டாகத் தெரியும். அந்தப் பூச்சுதான் கை படாத பழம் என்பதற்குச் சாட்சி. காம்பை மட்டும் பிடித்து வெட்டுங்கள், வெட்டியவுடன் எடுங்கள். ஃபிரேம் முழுக்கக் கருநீலப் பழம் என்றால் கேமரா அதையும் சாம்பலாக்க வரும். எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறையுங்கள்.

வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவர்களைப் பகலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரிகிறது.
(ஒரு ஆசிரியர், உப்புக்கோட்டை)

தேனி இருப்பது ஏறக்குறைய 10 பாகை வடக்கில். சித்திரை பிறந்த சில நாளில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். திருவிழா வரும் நாட்களிலும் பெரிதாக நகர்ந்திருக்காது. புருவத்து நிழல் கண்ணை மூடத்தான் செய்யும். பந்தலின் விளிம்பில் நில்லுங்கள். கூட்டம் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் அந்த இரண்டு அடியில் முகங்கள் திறக்கும். ராத்திரி வந்தால் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். சட்டியின் தீயே அவர்கள் முகத்துக்கு விளக்குப் பிடிக்கிறது, அதை நீங்கள் கொல்ல வேண்டாம்.

ஒளிப்பதிவாளர் ஆக வேண்டும். எந்தப் புத்தகம் படிக்க?
(பிளஸ் டூ மாணவர், பெரியகுளம்)

2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். ஒவ்வொரு ஷாட்டிலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மலை எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது, மனிதன் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். நோட்டு தீரட்டும், பிறகு புத்தகம்.

ட்ரோன் வாங்கி முல்லைப் பெரியாறு அணையை மேலிருந்து எடுக்கலாமா?
(ஒரு யூடியூபர், கூடலூர்)

வேண்டாம். இரண்டு மாநிலப் போலீஸும் ஒரே நாளில் வீட்டுக்கு வருவார்கள்.

யானையோடு செல்ஃபி எடுக்க எந்த லென்ஸ்?
(பெயர் இல்லாத கடிதம்)

வேறு ஊரிலிருந்து எடுக்கக்கூடிய லென்ஸ்.

என் மகளின் கல்யாண ஆல்பத்தில் அவளை வெளுப்பாக்கிவிட்டார்கள். என் பிள்ளை மாதிரியே இல்லை. கேட்டால், கருப்பான முகம் கேமராவில் எடுபடாது, அதனால்தான் என்கிறார்கள். நிஜமா ஐயா?
(ஒரு தாய், ஆண்டிபட்டி)

நிஜமில்லை அம்மா. இந்தப் பொய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது, சொல்கிறேன்.

பிலிம் காலத்தில், படம் கழுவும் லேப்களுக்கு கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று உலகம் முழுக்க மெஷினைத் திருகினார்கள். கருத்த முகங்கள் அதில் சேற்று நிறமாக விழுந்தன. மனிதர்கள் சொன்னதைவிட, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிம் திருந்தியது. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போதைய டிஜிட்டல் சென்சாருக்கு அந்தச் சாக்கு கிடையாது. உங்கள் மகளின் நிறத்தை அது அப்படியே வாங்கும். எடுப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அதில் பெண்ணின் முகம் பாதி மறைந்துவிடும். முகத்தில் வெளிச்சத்தை அளந்து எடுத்திருந்தால் இது நடக்காது. முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்காமல், ஜன்னல் மாதிரிப் பக்கவாட்டிலிருந்து அகலமான வெளிச்சம் கொடுத்தால் கருத்த தோலில் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் மூக்குத்திப் பக்கத்திலும் ஒளி வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஒளி வெளுத்த தோலில் இவ்வளவு அழகாக விழாது. இதைத் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டுத்தான் கம்ப்யூட்டரில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

ஸ்டுடியோவில் ஒரிஜினல் ஃபைல்கள் இன்னும் இருக்கும். கை வைக்காத அந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள், ஆல்பத்தை மறுபடி அச்சடிக்கச் சொல்லுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்கள் ஆர்டர் கொடுத்தது உங்கள் மகளின் படத்துக்கு. போனில் எடுக்கும் உறவுக்காரர்களிடமும் பியூட்டி மோடை அணைக்கச் சொல்லுங்கள். பேத்தி பிறந்து வளர்ந்து அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது, தன் முகம் யாரிடமிருந்து வந்தது என்று அதில் தெரிய வேண்டும்.

அப்பாவின் பழைய ரஷ்ய ஜெனிட் கேமரா பீரோவில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடலாமா?
(ஒரு வாசகர், தேவாரம்)

அடப்பாவி, நில்லுங்கள்! அதில் மாட்டியிருப்பது பெரும்பாலும் 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸாக இருக்கும். திருகினால் கழன்று வரும். எம்42 அடாப்டர் ஒன்று வாங்கினால் இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அப்படியே மாட்டலாம். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எஃப் 2 வெளிச்சம், பின்னணியில் இலைகள் சுழன்று நிற்கும். அதற்காகவே வெளிநாட்டில் தேடித் தேடி வாங்குகிறார்கள். லென்ஸை இன்றைக்கே பீரோவிலிருந்து வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஃபங்கஸ் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.