பசங்க வர்றதில்ல

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமில் ஒரு கல்யாண மண்டபம். சங்க ஆண்டுக் கூட்டம். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், சின்னச் சங்கம். மேடையில் 74 வயதுத் தலைவர். மாலை, மாலைக்கு மேல் பொன்னாடை, பொன்னாடைக்கு மேல் மைக். "இந்தக் காலத்துப் பசங்க சங்கத்துப் பக்கமே வர்றதில்ல!" முக்கால் மணி நேரம் முழங்கினார். பக்கத்தில் இளைஞர் பகுதித் தலைவர் பவ்யமாகத் தலையாட்டினார். போன மாதம்தான் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.

பசங்க வந்தார்களே ஐயா! 1947 பிப்ரவரியில், பீடோங் ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை, கள்ளுக்கடையை மூடு என்று கிளம்பிப் போலீஸோடு மோதியது. மார்ச் 3-இல் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஒரு தொழிலாளி செத்தான். அந்தப் படையில் சேர்ந்தவனுக்கு லத்தியும் லாக்கப்பும்தான். பொன்னாடை பிற்பாடு வந்த வழக்கம்.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன். 1996-இல் கண்மூடும்வரை அவரேதான். 42 வருடம்! மக்சேசே விருது வாங்கியவர், உழைத்தவர், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் மரத்தையே முப்பது வருடத்தில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்கிறான் தோட்டக்காரன். பால் வற்றிய மரத்துக்கு மாலை போட்டு அவன் கும்பிடுவதில்லை.

அதே 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தார்கள். பால் வெட்டியவளின் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். மின்னணுத் தொழிலாளிக்கு தேசியச் சங்கம் கிடையாது, ஆலைக்கொன்றாக உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று 1988-இலேயே அரசு சொல்லியாகிவிட்டது. வட்டாரச் சங்கத்துக்கு அனுமதி கிடைக்க 2009 ஆனது. இருபத்தொரு வருடம் கதவைச் சாத்தி வைத்தவனிடம் கோபமில்லை. வெளியே நின்ற பிள்ளைகள்மேல்தான் நம் தலைவர்களுக்குக் கோபம்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "ஐயா, எங்க ஃபேக்டரில சங்கம்னு பேசுன ரெண்டு பேர நிறுத்திட்டாங்க. என்ன செய்யலாம்?"

"நல்ல கேள்விம்மா. மொதல்ல சாப்பிடுங்க, பிரியாணி ஆறுது."

அவள் சாப்பிடவில்லை. ஏழு மணி ஷிப்ட்டுக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைவரை ஏகமனதாக மறுபடி தேர்ந்தெடுத்தோம். கை தூக்கியவர்களில் நானும் உண்டு. விரலில் இன்னும் பிரியாணி நெய்.