புருவத்துக்கும் குழாய்க்கும் நடுவே

பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் மளிகைக் கடை வரிசையில் நிற்க நேர்ந்தால், முன்னால் நிற்பவரின் வலது புருவத்தைப் பாருங்கள். பிறை வடிவத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தால் அவர் மான் வேட்டைக்காரராக இருக்கக்கூடும். அடிதடியில் வாங்கியதல்ல, சொந்தத் துப்பாக்கியிடமே வாங்கியது. குண்டு முன்னே போக, ரைஃபிள் பின்னே வரும். அதன் முதுகில் பூட்டியிருக்கும் தொலைநோக்குக் குழாயான ஸ்கோப்பின் உலோக விளிம்பு நேராக வந்து புருவத்தில் முத்திரை குத்திவிட்டுப் போகும். 'மேக்னம் புருவம்' என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இரண்டு பிறை, ஒன்றின்மேல் ஒன்றாக. முதலாவது எப்படி வந்தது என்று கேட்டால் அரை மணி நேரம் கதை சொல்வார். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் துப்பாக்கிப் பரம்பரையில் வந்தவனல்ல. ஊரில் நான் அருகே பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் நாற்காலியில் உறங்கும் காவலாளியின் மடியில் தானும் உறங்கிக்கொண்டிருந்த இரட்டைக்குழல்தான். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பின் வளர்ந்த எங்களுக்கு வேட்டை என்றால் ஜிம் கார்பெட் புத்தகம், அவ்வளவுதான். சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாக வந்த .275 ரிக்பியில் ஸ்கோப்பே கிடையாது. வெறும் இரும்புக் குறிமுனை. எதிரே புலி நிற்கும்போது உருப்பெருக்கிப் பார்க்கவேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

இங்கே கதை வேறு. நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை ரைஃபிள் மான் பருவம் தொடங்கும். 2019-க்கு முன்பு அது திங்கட்கிழமையாக இருந்தது. இன்றும் பல கிராமத்துப் பள்ளிகளுக்கு அந்தத் திங்கள் விடுமுறைதான். அலுவலகமோ அன்று பாதி காலி. இருக்கும் பாதியும் மானைப் பற்றியே பேசும். எத்தனை வருடம்தான் தலையாட்டிக்கொண்டிருப்பது? வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறினேன், உரிமம் எடுத்தேன், பின்லாந்தில் செய்த டிக்கா டி3எக்ஸ் லைட் ஒன்று வாங்கினேன். .308 வின்செஸ்டர், எடை சுமார் 3 கிலோ. வீட்டம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வெட் கிரைண்டர் கல்லைவிட லேசாத்தான் இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்தாள்.

ஸ்கோப் வாங்கப் போனபோதுதான் வில்லங்கம் தொடங்கியது.

ஸ்கோப் விற்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை உருப்பெருக்கம். இத்தனை மடங்கு, அத்தனை மடங்கு என்று அடுக்குவார்கள். என்னுடைய கேள்வியோ வேறு: இது என் கண்ணுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? இந்த இடைவெளிக்குத்தான் ஐ ரிலீஃப் என்று பெயர். முழுப் படமும் தெரிய, பின்பக்கக் கண்ணாடிக்கும் விழிக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரம். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதாவது 89 மில்லிமீட்டர். நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியின் முன்முகம் விழியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆக எனக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர். ஏழரை என்ற எண்ணைக் கேட்டாலே நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், சும்மாவா?

அந்த ஏழரையை நோக்கி என்ன வருகிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 கிரெயின் குண்டு பத்து கிராம்கூட இல்லை. ஆனால் அது வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கூடவே எரிந்த மருந்தின் வாயு அதைவிட வேகமாகக் கிளம்புகிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல, ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரைக் கிலோ எடையுள்ள ரைஃபிள் வினாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பும். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல். தோள்தான் அதை வாங்கி நிறுத்தவேண்டும். தோள் எவ்வளவு தூரம் பின்வாங்குகிறதோ, அவ்வளவு தூரம் குழாய் முகத்தை நோக்கி முன்னேறும். மேட்டை நோக்கிச் சுட்டால் தலை தானாகவே முன்னுக்குச் சாயும், இடைவெளி இன்னும் சுருங்கும். தரையில் படுத்துச் சுட்டாலும் அப்படியே.

இதில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. மலையேறும்போது கை வலிக்கக்கூடாது என்று ரைஃபிளின் எடையைக் குறைக்கிறோம். குறைந்த எடை கூடின வேகத்தில் திருப்பி உதைக்கும். ஆக, லேசான துப்பாக்கிக்காரனுக்குத்தான் நீளமான ஐ ரிலீஃப் தேவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கடைக்காரர்கள் ஏதோ வரதட்சணை கேட்டதுபோல் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒளியியலும் அவர்கள் பக்கம்தான். இடைவெளியை நீட்டினால் பார்வைப் பரப்பு குறுகும்; பரப்பு குறுகாமல் நீட்டவேண்டுமானால் பின்கண்ணாடி பெரிதாகும், எடை ஏறும். எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். உருப்பெருக்கத்தை விட்டுக்கொடுக்க நான் தயார் என்று சொன்னபோது, கவுண்டருக்குப் பின்னால் நின்ற இளைஞன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

என்னோடு வந்திருந்த திருநெல்வேலித் தம்பிக்கும் அதே பரிதாபம். அவன் முந்தின வருடமே 5 முதல் 25 மடங்கு வரை போகும் ஸ்கோப் ஒன்றை வாங்கிப் பூட்டியவன். எடை 800 கிராமுக்கு மேல்.

"அண்ணாச்சி, இதுல நிலாவுல இருக்க பள்ளமெல்லாம் தெரியும்."

"நிலாவை யாருடே சுடப்போறா?"

"ஒரு வசதிக்குச் சொல்லுதேன்."

எங்கள் காட்டில் மான் தென்படுவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். 25 மடங்கில் நூறு கஜத்தில் தெரியும் அகலம் ஐந்து அடிகூட வராது. முப்பது கஜத்தில் ஒன்றரை அடி. அவன் முன்னால் மான் வந்து நின்ற அன்று உருப்பெருக்க வளையம் 25-ல் இருந்திருக்கிறது. ஸ்கோப் முழுக்கப் பழுப்பு நிற ரோமம். அது மானின் எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பதற்குள் ரோமம் போய், மரப்பட்டை வந்துவிட்டதாம். ரோமத்தின் நுனி ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது என்பதை மட்டும் இன்றும் பெருமையாகச் சொல்லுவான்.

விடியற்காலைக் கணக்கு ஒன்றும் உண்டு. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே சுடச் சட்டம் அனுமதிக்கிறது. மானும் அந்த நேரத்தில்தான் நடமாடும். ஸ்கோப்பிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வரும். தம்பியின் 50 மில்லிமீட்டரை 25-ஆல் வகுத்தால் 2. 36-ஐ 6-ஆல் வகுத்தால் 6. இளமையில் இருட்டில் ஏழு மில்லிமீட்டர் விரியும் கண்மணி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து விரிந்தாலே பெரிது. எனக்கு ஆறு தாராளம். தம்பிக்கு அந்த இரண்டில் அரையிருட்டு மான் அரையிருட்டாகவேதான் தெரியும், கொஞ்சம் பெரிதாக.

இடையில் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரின் யோசனையும் என்னைச் சபலப்படுத்தியது. ஸ்கோப்பை முகத்துக்கு முன்னால் வைத்தால்தானே இடிக்கும், தூக்கிக் குழல் மேலேயே முன்தள்ளி வைத்துவிடு என்றார் அவர். ரைஃபிளின் எடை 3 கிலோ, நீளம் 1 மீட்டர், ஒன்பது பத்து அங்குல ஐ ரிலீஃப், உருப்பெருக்கம் இரண்டரை மடங்கு அளவில். இரு கண்ணும் திறந்தபடி சுடலாம். 1980-களில் இந்த 'ஸ்கவுட்' ரைஃபிளுக்கு அவர் இலக்கணம் வகுத்தார், தொண்ணூறுகளின் கடைசியில் ஆஸ்திரியாவின் ஸ்டைர் நிறுவனம் அதைச் செய்தும் காட்டியது. கையில் எடுத்துப் பார்த்தேன். புருவத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன் இருந்தால் பின்கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து கூசும். நவம்பர் கடைசியில் எங்கள் ஊர்ச் சூரியன் பகல் முழுக்கவே தாழ்ந்துதான் கிடக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் கண்ணில் பட்டது லியூபோல்டின் 2.5 முதல் 8 மடங்கு, 36 மில்லிமீட்டர். எடை 320 கிராம் சுற்று. ஐ ரிலீஃப் குறைந்த உருப்பெருக்கத்தில் நாலரை அங்குலம் அளவுக்கு, எட்டு மடங்கில் மூன்றரைக்குச் சற்று மேல். இப்படி மடங்கு ஏற ஏற இடைவெளி சுருங்குவது பல ஸ்கோப்புகளின் சுபாவம். பெட்டியில் பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் புருவத்தால் மீதியைப் படிப்பார்கள். கண்ணாடி போடும் சோம்பேறிகளுக்கு இன்னும் அருமையான ஒன்று இருந்தது: இரண்டரை மடங்கு மட்டுமே காட்டும் பழைய லியூபோல்ட், 184 கிராம், ஏறக்குறைய ஐந்து அங்குல இடைவெளி. இப்போது தயாரிப்பதில்லை. நல்லவை எல்லாம் இப்படித்தான் சீக்கிரம் போய்ச் சேருகின்றன.

வாங்குமுன் பெரியவர் ஒரு பரீட்சை வைத்தார். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்த செப்டம்பர் மாதம். என்னைப் பனிக்கால மேலங்கி போடச் சொன்னார். தடித்த உடை ரைஃபிளை முன்தள்ளும், கண்ணின் இடம் மாறும் என்பது அவர் நியாயம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, அப்புறம்தான் கண்ணைத் திறக்கவேண்டும். திறந்த கணத்தில் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அது உனக்கான ஸ்கோப். விளிம்பில் கறுப்பு நிழல் பிறைபோல் வந்தால், கண் தப்பான இடத்தில் இருக்கிறது. சில ஸ்கோப்புகளில் அந்தச் சரியான இடம் நூலளவுதான். கழுத்தை நீட்டி, குறுக்கி, சாய்த்துத் தேடவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் தலைகளுக்கு நடுவே சாமியைத் தேடுவது மாதிரி. அரை அங்குலம் தப்பினால் தெரிவது முன்னால் நிற்பவரின் குடுமிதான். லியூபோல்டில் கண்ணைத் திறந்ததும் கடைக் கோடியில் சுவரில் மாட்டியிருந்த மான் தலை முழுசாகத் தரிசனம் தந்தது. மேலங்கிக்குள் வியர்த்து ஊற்றியபடி பணத்தைக் கட்டினேன்.

பூட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. ஸ்கோப் குட்டையாக இருந்தால், வளையங்கள் கவ்வுவதற்கு நடுக்குழாயில் இடம் கம்மி. நினைத்தபடி முன்னேயும் பின்னேயும் நகர்த்தமுடியாது. அட்டவணையில் நாலரை அங்குலம் என்று போட்டிருந்தாலும், ஸ்கோப் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் உன் கழுத்து போகவேண்டும். அதிக மடங்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, நிழல் இல்லாத இடத்தைக் குறித்த பிறகுதான் திருகாணியை முறுக்கவிட்டார் பெரியவர். இரட்டைப் பிறை வாங்கியவர் சொல்லுக்கு மறுபேச்சு ஏது?

தம்பியின் ஸ்கோப்பையும் என்னுடையதையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் அரைக் கிலோ. வெற்றிப் பெருமிதத்தோடு வீட்டம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அரைக் கிலோவுக்கு எடம் இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

பருவம் தொடங்கிய சனிக்கிழமை விடிகாலை என் பையில் ஃபிளாஸ்க் நிறைய காபி, ஒரு டப்பா புளியோதரை, அதற்கு உருளைக்கிழங்கு பொரியல், 'பசி தாங்கமாட்டீங்க' என்று ஒரு பொட்டலம் முறுக்கு. தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு உடுத்தியிருக்கவேண்டும் என்பது சட்டம், உடுத்தியிருந்தேன். மானின் கண்ணுக்கு அந்த நிறம் உறைக்காது. மூக்கு விஷயம் அப்படியல்ல. பெரியவர் என் பையைத் திறந்தார். பெருங்காயம் எழுந்து வந்து அவருக்கு வணக்கம் சொன்னது. விரலை எச்சில் தொட்டு உயர்த்திக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். என்னை மேட்டின் அந்தப் பக்கத்து மரத்தடிக்குப் போகச் சொன்னார். பையில் இருந்தவை தன்னிடமே இருக்கட்டும், லேசான ரைஃபிள் வாங்கியவன் லேசாகவே ஏறவேண்டும் என்றார்.

மதியம் இறங்கி வந்தேன். மான் வரவில்லை. டப்பாவைத் திருப்பித் தந்தார். அதுவும் லேசாக இருந்தது.