பின்னால் நிற்பவன்: ஆர்க்கேடு மெய்ப்பாடு குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு (பாடி வட்டாரத்தை முன்வைத்து)

இக்கட்டுரை ஒரு கல்லூரியின் தேசியக் கருத்தரங்குக்காக எழுதப்பட்டது. அழைப்பிதழில் பக்க வரம்பு இருந்தது, வங்கிக் கணக்கு எண் இருந்தது, மதிய உணவு உண்டு என்ற உறுதியும் இருந்தது. பொருள் மட்டும் ‘தமிழும் பிறவும்’ என்று போட்டிருந்தார்கள். பிறவற்றில் வீடியோ கேம் அடங்காது என்று உரையாசிரியர் எவரும் சொல்லவில்லை என்பதால் எழுதி அனுப்பினேன். ‘மேற்கோள்கள் போதா’ என்று கட்டுரை திரும்பி வந்தது. கட்டணம் திரும்பி வரவில்லை. மேற்சொன்ன குறை இந்தத் திருத்திய பதிப்பில் தேவைக்கு மேலேயே நீக்கப்பட்டுள்ளது.

ஆய்வுச் சிக்கல் இதுதான். இப்போது வரும் கேம்கள் சிலவற்றை ஆடிவிட்டு, “அப்படியே பழைய ஆர்க்கேடு ஃபீல்” என்கிறார்கள். அந்த ஃபீல் எங்கே குடியிருக்கிறது? ஆய்வின் நில எல்லை: வடக்கே கொரட்டூர் ஸ்டேஷன், தெற்கே திருமங்கலம் போகும் ரோடு, கிழக்கே லூகாஸ் பஸ் ஸ்டாப், மேற்கே எங்கள் அத்தை வீடு. அத்தை பார்த்தால் அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்பதால் மேற்கெல்லையில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கால எல்லை, நான் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகள்.

முதலில் சொல்லாராய்ச்சி. ஆர்க்கேடு என்பது வளைவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, வளைவுகள் தாங்கிய கடைவீதிக்குப் பெயராக இருந்து கேம் கடைக்கு ஆகிவந்தது என்று அகராதிகள் சொல்லும். நம் அறிஞர்கள் இதை ஏற்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆற்காடு, ஆர்க்காடு, ஆர்க்கேடு என மூன்றே படிகளில் இச்சொல் கப்பலேறியதை எளிதில் நிறுவலாம். இதைவிடக் குறைந்த படிகளில் சிலர் சுமேரியாவரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். 1980-இல் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாதானி உருவாக்கிய பேக்மேனின் பெயர், வாயைத் திறந்து திறந்து மூடித் தின்பதைக் குறிக்கும் ‘பாக்கு பாக்கு’ என்ற ஜப்பானிய ஒலிக்குறிப்பிலிருந்து வந்தது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு தேடிய சுசுமு ஓனோ நம் ‘லபக்’கை இதனோடு ஒப்பிட்டாரா என்று நான் தேடவில்லை. தேடாமலே ‘ஒப்பிடத் தவறினார்’ என்று எழுதுவதுதான் ஆய்வு மரபு.

ஃபீல் என்பதற்கு மெய்ப்பாடு என்ற கலைச்சொல்லை ஆள்கிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். எட்டும் ஒரு ரூபாய்க்குள் நிகழும் என்பதைச் சொல்ல அவர் காலத்தில் ஒரு ரூபாய் இல்லை. காசு உள்ளே விழும்போது உவகை, முதல் ஸ்டேஜில் பெருமிதம், இரண்டாம் ஸ்டேஜில் அச்சம், கடைசி லைஃப் போகையில் வெகுளி. அந்த மிஷினை நாலாவது படிக்கும் பொடியன் ஒருவன் வாங்கி, நாம் செத்த இடத்தை ஒற்றைக் கையால் தாண்டும்போது வருவது இளிவரல். மற்றவற்றை மாணவர் நிரப்பிக்கொள்க.

ஒளி இயல். பழைய மிஷினுக்குள் இருந்தது பிக்சர் ட்யூப் டிவி. அதில் கோடு கோடாக விழும் வெளிச்சம் புள்ளிகளின் ஓரத்தைக் கரைத்து, பதினாறே கட்டத்தில் வரைந்த முகத்தையும் முகமாகக் காட்டும். இப்போது அறுபதாயிரம் ரூபாய்க்குப் பளிங்குபோன்ற டிவி வாங்கி, கேமின் மெனுவுக்குள் போய், அதே கோடுகளும் மூலை வளைவும் வரும்படி ஃபில்டர் போட்டுக்கொள்கிறார்கள். காரைக்குடியில் போன வாரம் செய்த கதவை நூறு வருஷத்துக் கதவு என்று விற்கும் கலையே இதுவும். இதில் குற்றமில்லை. ஆனால் ஃபீல் இதுவல்ல. எங்கள் கடை டிவியில் முக்கால்வாசி நேரம் எல்லோரும் பச்சையாகத் தெரிந்தார்கள். பச்சை ஃபில்டர் எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

ஒலி இயல். 1978-இல் டைட்டோவின் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இறங்கிவரும் எதிரிகள் 55 பேர். நான்கே சுரம், திரும்பத் திரும்ப. ஆளைச் சுடச்சுட மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள், சுரமும் வேகமெடுக்கும், நம் நெஞ்சும். இது திட்டமிட்டதல்ல. 55 பேரையும் வரைய அந்தக் கால ப்ராசஸருக்கு மூச்சு வாங்கியது. ஆள் குறையக்குறைய அதற்கு வேலை எளிதாகி ஓட ஆரம்பித்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். தற்செயலாக நேர்ந்த ஒன்றைக் கோட்பாடு என்று பெயரிட்டு நூறு பக்கம் எழுதாமல் அப்படியே விடுகிற அடக்கம் நம் துறையில் இல்லை.

மண இயல். பிஸ்கட் ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்றடித்தால் நன்றாக ஆடினோம் (கடைக்கார அண்ணன், வாய்மொழி).

கை இயல் செல்லரித்துவிட்டது.

பெயரியல். 1993-இல் காப்காம் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற கேமை அந்தப் பெயர் சொல்லிக் கேட்டவர் பாடியில் ஒருவரும் இல்லை. அதில் வரும் நால்வரில் ஒருவன் பெயர் முஸ்தபா. கேமின் பெயரும் அதுவே ஆயிற்று. “அண்ணே, முஸ்தபா போடுங்க.” 1996-இல் ‘காதல் தேசம்’ படம் வந்து அந்தப் பெயரில் ஒரு பாட்டு ஊரெங்கும் ஒலிக்கவே, கேம் பாட்டுக்குப் பிந்தியது என்று ஒரு கட்சி கிளம்பியது. காலவரிசைப்படி ஆட்டம் மூன்றாண்டு மூத்தது. கடைக்குள் இதைச் சொன்னபோது, பாட்டுக் கட்சியினர் என் கடைசி லைஃபில் கையைத் தட்டிவிட்டார்கள். காலக்கணிப்பில் இத்தகைய முறையியல் இன்றும் வழக்கிலுண்டு.

சாவியல். இங்கே புதியவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2018-இல் வந்த செலஸ்ட் என்ற கேமில் பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பின்னும் ஒரு கண்ணிமைப்பு நேரம் ஜம்ப் பட்டன் வேலை செய்யும். விழ வேண்டியவன் விழமாட்டான். நாம் அழுத்தியது சரிதான் என்று மிஷினே நம் பக்கம் சாட்சி சொல்கிறது. பழைய மிஷினோ அண்ணனின் சாட்சி. உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி ஸ்விட்ச்கள். எத்தனை லைஃப், எவ்வளவு கஷ்டம் என்பதெல்லாம் அதில்தான். மூன்று லைஃப் கொடுத்துக்கொண்டிருந்த மிஷின் பொங்கல் லீவு அன்று இரண்டு கொடுத்தது. கேட்டதற்கு, “மிஷினுக்கு மூடு சரியில்ல” என்றார் அண்ணன். ஆய்வாளர்களே, மிஷினின் மூடு என்பதை உளவியல் கோணத்தில் அணுகி மோசம் போக வேண்டாம் (பார்க்க: கடையின் ஷட்டர்க் கல்வெட்டு, வரி 2, ‘கேள்வி கேட்காதே’).

இனி ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். ஒளியும் ஒலியும் சாவும் எல்லா கேமிலும் இருக்கின்றன. ஆர்க்கேடில் மட்டும் இருந்து வீட்டில் இல்லாத ஒரே பொருள், பின்னால் நிற்பவன்.

பின்னால் நிற்பவன் ஐவகைப்படுவான். அறுவகை என்பாரும் உளர். முதலாமவன் காசு வைத்தவன். மிஷினின் விளிம்பில், கண்ணாடிக்குக் கீழே, தன் ஒரு ரூபாயை வைத்துவிட்டு நிற்பான். பேசமாட்டான். அந்தக் காசு பேசும். ‘நீ செத்தால் நான்.’ அசோகச் சிங்கம் மேலே இருக்கும்படி வைப்பது மரபா, பூ மேலே இருக்கும்படி வைப்பது மரபா என்பதில் சைக்கிள் கடைச் சந்துக் குழுவினருக்கும் கோயில் தெருக் குழுவினருக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. திருவலிதாயம் கோயிலில் குளித்துத் திருநீறு பூசி வந்தவர்கள் சிங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி (ஷட்டர்க் கல்வெட்டு, வரி 4, இவ்வரியின் மேல் பிற்காலத்தில் ‘இங்கு ஹிந்தி டியூஷன் எடுக்கப்படும்’ என்ற நோட்டீஸ் ஒட்டப்பட்டதால் கடைசி ஐந்தெழுத்துகளை ஊகித்தே படிக்க வேண்டியுள்ளது, ஊகத்தில் இரண்டெழுத்து கெட்ட வார்த்தையாக அமைவதால் விடப்பட்டது).

இரண்டாமவன் மூச்சு விடுபவன். நம் வலது காதுக்கு மூன்று விரற்கடை பின்னால். ஆட்டம் சூடுபிடிக்கச் சூடுபிடிக்க இவன் மூச்சும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போல வேகமெடுக்கும். காரணமும் ஏறக்குறைய ஒன்றே.

மூன்றாமவன் டெமோ ஆடுபவன். இவனைக் குறித்து விரிவாகச் சொல்ல வேண்டும். காசு போடாதபோது மிஷின் தானே ஆடிக் காட்டும், வாடிக்கையாளரை இழுப்பதற்கு. அந்நேரம் காசில்லாத ஒரு சிறுவன் ஸ்டிக்கைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பான். திரையில் முஸ்தபா வலது பக்கம் ஓடுவான், இவனும் வலது பக்கம் இழுத்திருப்பான். தான்தான் ஆடுகிறோம் என்று நம்புவான். “அடிச்சேன் பார்றா” என்பான். திரையில் ‘காசு போடவும்’ என்று ஆங்கிலத்தில் மின்னிக்கொண்டே இருக்கும், அவன் கண்ணில் படாது. இந்த ஆனந்தத்துக்கு ஈடு நான் வாழ்க்கையில் ஒரே ஓரிடத்தில்தான் கண்டேன்: இரு சங்கப் பாடல்களின் பொருளைப் பிறர் உரையிலிருந்து பெயர்த்தெழுதி ‘என நிறுவுகிறேன்’ என்று முடித்த ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில். நானும் ஓராண்டு டெமோ ஆடியிருக்கிறேன் (என் பெரியம்மா மகன், கைபேசி உரையாடல், இரவு 10.40, ஆவடி லோக்கலில் இருந்தபடி பேசியதால் பாடம் இடையிடையே சிதைந்துள்ளது, ‘அவன் ஆடினான்’ என்பதை ‘அவன் அழுதான்’ எனப் பாடங்கொள்வாரும் உளர், ஸ்பீக்கரில் அண்ணியார் கேட்டுக்கொண்டிருந்தமையால் சில வரிகள் தணிக்கைக்கு உட்பட்டிருக்கலாம், ‘இதையெல்லாமா எழுதுவ?’ என்னும் இறுதி வரி அண்ணியாருடையதே என்பது நடையால் தெளிவு).

நான்காமவன் வெறுங்கையன். காசு கிடையாது, ஸ்டிக்கைத் தொட்டதே கிடையாது, ஆனால் எல்லாம் தெரியும். “டேய், ஜம்ப் அடி! ஜம்ப் அடிடா! சொன்னேன்ல?” ஜெயித்தால் இவன் சொன்னதால், தோற்றால் நாம் கேட்காததால். பல்கலைக்கழகங்களில் இப்பதவிக்கு நெறியாளர் என்று பெயர்.

ஐந்தாமவன் அப்பா. இவர் பின்னால் நிற்பது மற்றவர் எல்லோரும் விலகிய பின்தான் தெரியும்.

இவர்கள் இருந்தமையால்தான் ஒரு ரூபாய்க்கு அந்த நடுக்கம் இருந்தது. இதனைச் சோதிக்கக் களஆய்வு மேற்கொண்டேன். கொரட்டூரில் அக்கா வீடு. அக்கா மகன் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4’ ஆடிக்கொண்டிருந்தான். 2020-இல் வந்தது. தெருவில் நடந்துகொண்டே எதிரே வருபவனையெல்லாம் அடிக்கும் முஸ்தபா குலம். ஃபில்டர் போட்டுக் கோடுகள் வரவழைத்திருந்தான். “மாமா, செம ஆர்க்கேடு ஃபீல்ல?” என்றான், சோபாவில் கால் நீட்டியபடி.

நான் எழுந்து அவன் பின்னால் போய் நின்றேன். முதலில் இரண்டாம் வகை.

“மாமா, கழுத்துல மூச்சு படுது.”

நான்காம் வகைக்கு மாறினேன். “ஜம்ப் அடி. டேய், ஜம்ப் அடி!” அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியில் ஒருவன் பின்னாலிருந்து பைப்பால் அடித்தான். “உங்களாலதான் போச்சு!” என்று கத்தினான் பையன். இதே வாக்கியத்தை, இதே தொண்டையுடைப்போடு, சைக்கிள் கடைச் சந்தில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன், சொல்லியுமிருக்கிறேன். சோபாவிலிருந்து கால்கள் தரைக்கு வந்துவிட்டன. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தது முதல் வகை. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, எதுவும் பேசாமல் டிவியின் மேல் விளிம்பில் வைத்தேன், சிங்கம் மேலே இருக்கும்படி. டிவியின் கனம் காசின் அகலத்தில் பாதிகூட இல்லை. காசு ஒரு நொடி யோசித்துவிட்டு, டிவிக்கும் சுவருக்கும் நடுவே போய், கீழே அலமாரிக்குப் பின்னால் எங்கோ விழுந்து உருண்டு அடங்கியது. அலமாரியை இரண்டு பேர் சேர்ந்தாலொழிய நகர்த்த முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயர்கள்தான் தெரிந்தன.

“எவ்ளோ மாமா விழுந்துச்சு?”

“ஒரு ரூபா.”

“ஜிபே பண்ணிடறேன். கொஞ்சம் நவுருங்க” (அக்கா மகன், நேர்முகம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது).