எச்-இன்டெக்ஸ்காரர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நாமக்கல் வரை எந்தப் பொறியியல் கல்லூரிக்குப் போனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் இவர் இருப்பார். முன்பு துறைக்கு ஒருவர்தான் இருந்தார். இப்போது இரண்டு மூன்று பேர் ஆகிவிட்டார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. கண்டுபிடிப்பது சுலபம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியரை அறிமுகம் செய்துவைத்தால் சொந்த ஊர் எது, என்ன பாடம் எடுப்பீர்கள் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். "உங்க எச் எவ்வளவு சார்?" என்பார். கூகுள்லயா, ஸ்கோப்பஸ்லயா என்று திருப்பிக் கேட்டீர்களானால் முகம் மலர்ந்துவிடும். கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கித் தருவார். எச் என்றால் என்ன என்று கேட்டுவிட்டால் டீ கிடையாது.

டீ கிடைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 17 கட்டுரைகளை ஒவ்வொன்றும் குறைந்தது 17 தடவை மற்ற கட்டுரைகள் சுட்டியிருந்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 17. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற கலிஃபோர்னிய இயற்பியல் பேராசிரியர் 2005இல் சொன்ன கணக்கு இது. 15 வருடம் கழித்து அவரே, இந்த எண் படுமோசமாகச் சறுக்கக்கூடும், வேண்டாத விளைவுகளையும் கொண்டுவரக்கூடும் என்று எழுதினார். நம்மவர் அதைப் படித்ததில்லை. படிக்காததால் மேற்கோள் காட்டாமல் விட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள்.

நம்மவருக்கு எச் ஒன்றல்ல, மேற்கோளை எண்ணும் தளத்துக்கு ஒன்றாக மூன்று. கூகுள் ஸ்காலர் தாராள மனசுக்காரர். ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, யாரோ எங்கோ ஏற்றிவைத்த பிடிஎஃப் என்று எதைக் கண்டாலும் எண்ணிக்கொள்வார். அவர் கணக்கில் 24. ஸ்கோப்பஸில் 17. வெப் ஆஃப் சயின்ஸில் 9. விசிட்டிங் கார்டில் 24, கல்லூரி கேட்கும் படிவத்தில் 17. அந்த 9 வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது.

காலையில் செல்லைத் திறந்ததும் முதல் தரிசனம் ஸ்காலர் பக்கம்தான். மேற்கோள் எண்ணிக்கை ஏறியிருந்தால் முதல் வகுப்பில் பையன்களைத் திட்டமாட்டார். சில நாள் இறங்கியிருக்கும். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் பதிவாகியிருந்ததை கூகுள் ஒன்றாகச் சேர்த்திருக்கும். அல்லது கட்டுரைகளைத் தாங்கியிருந்த ஏதோ ஓர் இணையதளம் மூடிப்போயிருக்கும். அன்றைக்கு யாரும் அவரிடம் லீவு லெட்டரில் கையெழுத்து வாங்கப் போவதில்லை. "பதினொண்ணு காணோம் சார்" என்பார். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? கூகுளுக்கு நம் ஊரில் ஸ்டேஷன் இல்லை.

இந்தத் தொழிலின் நுணுக்கம் அவரிடம் பாடம் கேட்டால்தான் புரியும். எல்லா மேற்கோளும் சமம் என்று நினைப்பவன் அப்பாவி. வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் பற்றி முன்பெப்போதோ அவர் தொகுத்த ஒரு சர்வே கட்டுரை 140ஐத் தாண்டி நிற்கிறது. "அதுக்கு இனிமே யாரும் போடாதீங்க, வேஸ்ட்" என்று தன் மாணவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். உண்மைதான், 140 என்பது 141 ஆனாலும் எச் அசையாது. 16லும் 17லும் தொங்கிக்கொண்டிருக்கும் நாலு கட்டுரைகள்தான் கணக்கில் முக்கியம். அவற்றுக்குத் தனியாக ஓர் எக்ஸெல் ஷீட் வைத்து, மஞ்சள் நிறம் அடித்து, சவலைப் பிள்ளைகளாகக் கவனித்துக்கொள்கிறார்.

ஆய்வு மாணவி கட்டுரையோடு வந்து நிற்பார். நெற்பயிரின் இலையைப் படமெடுத்துக் குலைநோயைக் கண்டுபிடிக்கும் டீப் லேர்னிங் வேலை. வயல் வயலாக அலைந்து எடுத்த படங்கள். சார் தலைப்பைப் பார்ப்பதில்லை, முடிவைப் பார்ப்பதில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார்.

"மொத்தம் எத்தனை ரெஃபரன்ஸும்மா?"

"42 சார்."

"நம்மளது?"

"மூணு சார்."

"மூணுதானா?"

"மத்ததெல்லாம் சென்சார் நெட்வொர்க் சார். நெல்லுக்கும் அதுக்கும்…"

"வயல்ல சென்சார் வைக்கமாட்டாங்களா? இன்ட்ரோடக்ஷன்ல, இத்துறையில் பலரும் பலவாறு முயன்றுள்ளனர்னு ஒரு வரி எழுதும்மா. பக்கத்துல பிராக்கெட் போட்டு எட்டுலேருந்து பதினஞ்சு வரைக்கும்னு குடுத்துடு. முடிஞ்சுது."

அந்த ஒரு வரியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். பிறகு கட்டுரை இதழுக்குப் போகும். முகம் தெரியாத ரெவ்யூவர் ஒருவர், மிகச் சிறந்த ஆய்வு, கீழ்க்கண்ட ஐந்து கட்டுரைகளையும் சேர்த்தால் இன்னும் சிறக்கும் என்று எழுதுவார். ஐந்துக்கும் ஆசிரியர் ஒரே ஆள். ரெவ்யூவரின் பெயரை ரகசியமாக வைக்கும் ஏற்பாடு அத்தோடு தீர்ந்தது. நம்மவரும் எங்கோ யாருக்கோ இதேபோல் முகம் தெரியாத ரெவ்யூவர்தான்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அவருடைய வாட்ஸ்அப் குழு எப்படி இயங்குகிறது என்று விளக்கவே வேண்டாம். நாலு மாவட்டத்துப் பேராசிரியர்கள். புதுக் கட்டுரை வெளிவந்தால் லிங்க்கைப் போட்டுக் கைகூப்பும் பொம்மை ஒன்றும் போடுவார்கள். அதுதான் பத்திரிகை வைப்பது. பதிலுக்கு மேற்கோள் வைத்தவர் யார், வைக்காமல் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு நழுவியவர் யார் என்று நோட்டில் ஏறிவிடும். "சேலத்துக்காரர் டிசம்பர்ல ரெண்டு வச்சார், நாம இன்னும் திருப்பிச் செய்யலை" என்று நம்மவர் கவலைப்படுவார். வாங்கியதைவிட ஒன்று கூடுதலாகச் செய்வதுதான் மரியாதை. ஒருவர் நாலு வாங்கிக்கொண்டு தொழிலையே விட்டு ஐடி கம்பெனிக்குப் போய்விட்டார். வராக்கடன் என்று எழுதியாயிற்று. மொய் விருந்தில் கறிச்சோறாவது போடுவார்கள்.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸில் மற்ற துறைகளில் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. இங்கே பெரிய வேலைகள் பலவும் இதழ்களைவிட மாநாடுகளில்தான் வருகின்றன. நியூரிப்ஸ், சிக்காம் போன்ற மாநாடுகளில் கட்டுரை ஏறுவது குதிரைக்கொம்பு. நம்மவரும் மாநாட்டுக்காரர்தான், ஆனால் அவருடைய சர்வதேச மாநாட்டில் சர்வதேசம் என்பது ஜூமில் பாதியில் அறுந்துபோகும் ஒரு மலேசியப் பேராசிரியர். அமெரிக்காவில் எமெரி பெர்கர் என்பவர் நடத்தும் சிஎஸ்ரேங்கிங்ஸ் என்ற தரவரிசை மேற்கோள்களை எண்ணுவதே இல்லை, அவற்றை ஊதிப் பெருக்கிவிடலாம் என்பதால் பொறுக்கியெடுத்த சில மாநாடுகளின் கட்டுரைகளை மட்டும் எண்ணுகிறது என்று நம்மவரிடம் சொன்னேன். "அது சரி, நம்ம நாட்டுக்கு ஒத்துவராது" என்றார், நிஜமான தேசபக்தியோடு.

ஐக் ஆன்ட்கேர் கதையையும் சொல்லிப் பார்த்தேன். 2010இல் ஃபிரான்சின் கிரெனோபில் நகரத்து ஆய்வாளர் சிரில் லாபே, ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஓர் ஆளை உருவாக்கினார். எம்ஐடி மாணவர்கள் 2005இல் விளையாட்டாகச் செய்த சைஜென் என்ற மென்பொருள், அர்த்தமே இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரைகளை நொடியில் எழுதித் தள்ளும். அதை வைத்து நூறு கட்டுரைக்கு மேல் தயாரித்து, ஒன்றையொன்று சுட்டும்படி செய்து வலையில் விட்டார். கூகுள் ஸ்காலர் எண்ணியது. ஐக் ஆன்ட்கேருக்கு எச்-இன்டெக்ஸ் 94. ஐன்ஸ்டைன் பின்னால் போய்விட்டார்.

முழுக்கக் கேட்டுவிட்டு நம்மவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "94ஆ? எந்த குரூப்ல இருக்கார்?"

கட்டுரையில் திருட்டு இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருளுக்கு மட்டும் அவர் பயப்படுவார். ஒப்புமை 10 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டுமே. அதற்கென்று சொல்லை மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. 2021இல் கியோம் கபானக் என்ற ஆய்வாளரும் அதே லாபேயும் இன்னொருவரும் சேர்ந்து இப்படி முறுக்கப்பட்ட சொற்களைத் தேடியபோது, ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' ஆகவும் பிக் டேட்டா 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆகவும் அச்சேறியிருந்தது. ஆசிரியர் படிக்கவில்லை, ரெவ்யூவர் படிக்கவில்லை, மேற்கோள் காட்டியவரும் படிக்கவில்லை. எண் மட்டும் ஏறியது.

அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016இல் மத்திய அரசின் முதல் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசை வந்ததிலிருந்து கட்டுரையும் மேற்கோளும் கல்லூரிக்கு மதிப்பெண். நிர்வாகத்துக்கு அது அட்மிஷன் விளம்பரம். மேலேயிருந்து சர்க்குலர் வரும்: வருடத்துக்கு இத்தனை பேப்பர், இல்லாவிட்டால் இன்கிரிமென்ட் யோசிக்கப்படும். இதே மனிதர் ஒரு காலத்தில் டைக்ஸ்ட்ராவின் குறும்பாதை அல்காரிதத்தை, கோயம்பேட்டிலிருந்து தாம்பரத்துக்கு எந்த பஸ் மாறிப் போவது என்று போர்டில் படம் போட்டு நடத்துவார். கடைசி பெஞ்சும் விழித்திருக்கும். டைக்ஸ்ட்ராவின் 1959 கட்டுரை மொத்தமே மூன்று பக்கம் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். இன்று யாராவது அவரிடம் மூன்று பக்கத்தில் ஒரு கட்டுரையைக் கொண்டுபோனால், ரெஃபரன்ஸுக்கு எங்கேயப்பா இடம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

போன வருடம் அவர் பெயர் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு 2019 முதல் வெளியிட்டுவரும் பட்டியல். கேட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தாளாளர் படம் பெரிதாக, விஞ்ஞானி படம் மூலையில், ஸ்டாம்ப் அளவில். அந்தப் பட்டியலின் எக்ஸெல்லில் ஒவ்வொருவரும் தன்னைத் தானே எத்தனை சதவீதம் சுட்டிக்கொண்டார் என்பதற்கும் ஒரு பத்தி இருக்கிறது. வலப்பக்கம் நிறையத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கல்லூரியில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை.

சமீபத்தில் அவர் மகளுக்கு வரன் பார்த்தார்கள். பையன் ஹைதராபாத்தில் கூகுளில் வேலை, நல்ல சம்பளம், நல்ல குடும்பம். ஜாதகமும் பொருந்திவிட்டது. பஜ்ஜி சாப்பிட்டு முடித்து, பெரியவர்கள் மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நம்மவர் நாற்காலியைப் பையன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேப்பர் எதுவும் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்கப்போகிறார் என்று அவர் மனைவி பதறியதை நானே பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"மாப்ளே, ஸ்காலர் டீம்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? போன மாசம் ஒரு பதினொண்ணு காணாமப் போச்சு."