துரைசானி துப்பறிகிறார்

கொலை நடக்க வேண்டும். ஆனால் கம்பளம் அழுக்காகக் கூடாது. வெள்ளைக்காரன் ஆட்சியில் நடப்பதாக எழுதப்படும் இதமான துப்பறியும் நாவல்களின் முதல் விதி இது. 'கோஸி மிஸ்டரி' என்று பெயரிட்டு விற்கிறார்கள். உதகை, 1921. மூடுபனி, ரோஜாத் தோட்டம், கிளப்பில் ஸ்னூக்கர் மேஜை. பட்லர் தேநீர்த் தட்டோடு நுழைகிறார். நூலக அறையில் கர்னல் துரை செத்துக் கிடக்கிறார். பழி பட்லர் மேல் விழுகிறது. கடைசி அத்தியாயத்தில் துரைசானி எல்லோரையும் உட்காரவைத்துக் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கிறார். பட்லர் கண்கலங்கிக் கும்பிடுகிறார். நீதி கிடைத்துவிட்டது, தேநீர்கூட இன்னும் ஆறவில்லை.

காங்கிரஸ்காரர் ஒருவரும் வருவார். நான்காம் அத்தியாயத்தில் அவர்மேல் சந்தேகம் விழும், பத்தாம் அத்தியாயத்தில் நீங்கும். சுதந்திரப் போராட்டத்துக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். இப்போது துப்பறிபவராக இந்தியப் பெண்களையும் போடுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் பல கதைகளில் அவருக்கும் ஒரு நல்ல துரை நற்சான்று கொடுத்தாக வேண்டும்.

கோப்பையில் ஒரு கட்டைவிரல் ரேகை கிடைத்ததும் வாசகருக்குப் புல்லரிக்கும். உலகின் முதல் விரல்ரேகைப் பதிவகம் 1897-ல் கல்கத்தாவில் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். முறைக்குச் சூட்டிய பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. அவர் பிறகு லண்டன் போலீஸ் கமிஷனராகவே ஆனார். துப்பறிய வேண்டிய திருட்டு இதுதான் அம்மணி!

அதே ரேகை மதுரைப் பக்கம் என்ன செய்தது? 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். நாவலில் பிணம் விழுந்த பிறகுதான் ரேகை தேடுவார்கள். இங்கே குற்றமே நடக்க வேண்டாம்; பிறந்த சாதி போதும், கையை நீட்டு என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் கள்ளர்கள் கையை நீட்ட மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இதில் மர்மம் ஏதாவது உண்டா? சுட்டது யார் என்று ஊருக்கே தெரியும். பூதக்கண்ணாடிக்கு வேலையில்லாத கொலை நாவலுக்கு ஆகாது.

துரை வீட்டுச் சாவுதான் வேண்டுமென்றால், ஆக்ராவில் ஒன்று இருக்கிறது. ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் குடும்பத்தோடு தேவாலயத்துக்குக் கிளம்புகிறார். குதிரைக்காரர் கத்வாரு வேளைக்கு வந்து நிற்கவில்லை. ஃபுல்லர் அடித்தார், கத்வாரு செத்தார். மண்ணீரல் கிழிந்துவிட்டதாம். குற்றவாளி மண்ணீரலே என்பதுபோல, மாஜிஸ்திரேட் 30 ரூபாய் அபராதத்தோடு வழக்கை முடித்தார். 1876-ல் வைஸ்ராய் லிட்டனே இதைக் கண்டித்து எழுதினார். சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் சாகவிட்ட அந்த லிட்டனுக்கே பொறுக்கவில்லை! வெள்ளைக்காரப் பத்திரிகைகளோ லிட்டன் மேல்தான் பாய்ந்தன. 1883-ல் இல்பர்ட் மசோதா, மாவட்டங்களில் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்றதும் துரைமார் கூட்டம் போட்டுக் கொதித்தார்கள். மறு வருஷம் சமரசம்: குற்றம்சாட்டப்பட்ட ஐரோப்பியர் கேட்டால் ஜூரியில் பாதிப்பேராவது தம் இனத்தாராக இருக்க வேண்டும். வரவேற்பறையில் நீதி வழங்கும் துரைசானியைக் கற்பனை செய்கிறவர்கள் அந்த ஜூரியையும் கொஞ்சம் உட்காரவைக்கலாமே.

பொழுதுபோக்குதானே, ஏன் இத்தனை கோபம் என்பார்கள். பொழுது போகட்டும். அடிமை ஆட்சியை மூடுபனிக்கும் மல்லிகைக்கும் நடுவில் வைத்து, அங்கே நீதி தவறாமல் கிடைத்தது என்று கதைக்குக் கதை சொல்வது பொழுதுபோக்கு இல்லை, பொய்சாட்சி. அடுத்த நாவல் எழுதப்போகிறவரே, கர்னல் துரையை விட்டுவிடுங்கள். கத்வாருவின் சாவை எடுங்கள். கொன்றவர் யார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, அவரைக் காப்பாற்றியவர்களை ஒவ்வொருவராகத் துப்பறிந்து எழுதுங்கள்.