எட்டு எட்டுமா?

கேள்வி: கேம் விளையாட 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டும் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். 8 ஜிபி போதாதா?
- ஒரு வாசகர், கரையாம்புத்தூர்

பதில்: எந்த கேம் என்று முதலில் கேளுங்கள் ஐயா. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 2023-இல் 8, 16 என இரண்டு அளவிலும் வந்தது. சிப் ஒன்றே, மெமரி வேகமும் விநாடிக்கு 288 ஜிபி என்று ஒன்றே. விலையில் மட்டும் அப்போது அமெரிக்காவில் 100 டாலர் வித்தியாசம். வேலரன்ட் மாதிரி லேசான கேம் ஆடுகிற பையனுக்கு அது தண்டச் செலவு.

ஆனால் மகன் பக்கமும் நியாயம் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் திணறின. கார்டின் மெமரி நிரம்பினால் மிச்சத்தை மதர்போர்டு வழியாக சாதா ரேமிலிருந்து இழுக்க வேண்டும். மேற்படி 4060 டிஐ கார்டுக்கு அந்தப் பாதையில் விநாடிக்கு அதிகபட்சம் 16 ஜிபிதான். ஹீரோ நின்று நின்று ஓடுவார். டெக்ஸ்சரை ‘அல்ட்ரா’விலிருந்து ஒன்றிரண்டு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுவரில் செங்கல் கொஞ்சம் மங்கும். உயிருக்குத் தப்பி ஓடுகிறவன் செங்கல்லையா பார்க்கப் போகிறான்?

கடையில் ‘4 ஜிபி’ என்று ஜிடி 730-ஐ மலிவாக நீட்டினால் உஷார். டிடிஆர்3 மெமரி, 64 பிட் ரகம் என்றால் விநாடிக்கு 14.4 ஜிபிதான். பாகூர் ஏரி கடலாகவே நிரம்பட்டும், மதகு முழ அகலம் என்றால் வயல் எப்போது நனையும்?

பவர் சப்ளை எத்தனை வாட் என்றும் பார்த்துவிடுங்கள். மகன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அடுத்த மாதத்துக்கு வைத்திருப்பான்.